குளத்தினுள் நிற்கும் நீர்க்கோபுரம்: பழந்தூம்புகளின் அமைப்பும் அருமையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

இன்று எந்தக் கிராமத்தை நோக்கிச் சென்றாலும், பனைகளுக்கு மேலாகத் தலைநீட்டி முதலில் கண்ணுக்குப் புலப்படுவது குடிநீர் மேல்நிலைத் தொட்டியே ஆகும். அதன்மீது பஞ்சாயத்தின் பெயரும், கொள்ளளவும், கட்டி முடித்த ஆண்டும் எழுதப்பெற்றிருக்கும். ஊரார் அதனைப் பெருமையுடன் காட்டுவர். அது முறையே.

ஆனால் அதே ஊரின் குளத்தினுள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்கள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றின் குறுக்கே ஒன்றிரண்டு கல் விட்டங்கள் இருக்கும். கோடையில் ஆடுகள் அவற்றின் நிழலில் ஒதுங்கும். குளம் பெருகினால் தூண்களின் தலை மட்டுமே வெளியே தெரியும். நீர்க்காகம் அதன்மேல் அமர்ந்து சிறகு உலர்த்தும். இதுவும் ஒரு நீர்க்கோபுரமே. மேல்நிலைத் தொட்டி நீரை உயரத்தில் தேக்கி வீடுகளுக்குக் கொடுக்கிறது. இக்கற்கோபுரமோ ஆழத்தில் தேங்கிய நீரை அளந்து வயல்களுக்குக் கொடுத்தது. மடை என்றும், தூம்பு என்றும், குமிழி என்றும், குமிழித் தூம்பு என்றும் இடத்துக்கு இடம் இதற்குப் பெயர் வழங்குகிறது. இதன் அமைப்பையும், இதனைப் போற்ற வேண்டிய காரணத்தையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

கொற்கை கற்பிக்கும் பாடம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கொற்கையை அறியாத தமிழர் இலர். பாண்டியரின் துறைமுகமாகவும், முத்துக்குளிப்பின் தலைமையிடமாகவும் விளங்கிய ஊர் அது. கிரேக்க நிலநூலாசிரியரான தாலமி அதனைக் ‘கொல்கோய்’ என்று குறித்தார். 1870-களில் பிஷப் கால்டுவெல் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69-ல் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் பொது ஆண்டுக்கு முன் 785 எனக் கணிக்கப்பெற்றது. 2021-ல் மீண்டும் அங்கு அகழாய்வு நடைபெற்றது.

அத்தகைய துறைமுகம் இன்று எங்கே இருக்கிறது? கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, நெல்வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில், ஒரு குளத்தின் கரையில் அமைதியான சிற்றூராக இருக்கிறது. பகைவர் படையெடுத்து அத்துறைமுகத்தை அழிக்கவில்லை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டலே அதனை மூடிற்று. கடல் விலக விலக வணிகமும் பழையகாயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும், இறுதியில் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது.

துறைமுகத்தைக் கெடுத்த அதே வண்டல் வயலை வளப்படுத்தியது. ஆயினும் ஆற்றிலிருந்து கால்வாய் வழியாகக் குளத்திற்கு நீர் வரும்போது, வண்டலும் உடன் வருகிறது. அது குளத்திலேயே தங்கிவிட்டால் குளம் தூர்ந்து மேடாகும். துறைமுகத்திற்கு நேர்ந்த கதியே குளத்திற்கும் நேரும். ஆகவே இப்பகுதியில் குளம் வெட்டியவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுந்தன. ஆழத்தில் உள்ள நீரைக் கரைக்குத் தீங்கின்றி எவ்வாறு வெளியே எடுப்பது? நீரோடு வந்த வண்டலில் ஒரு பகுதியையாவது எவ்வாறு வயலுக்கு அனுப்புவது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் கிடைத்த விடையே தூம்பு.

தாமிரபரணியும் அதன் குளங்களும்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873-ல் கட்டி முடிக்கப்பட்டது. கொற்கைப் பகுதி ஸ்ரீவைகுண்டம் வடகால் பாசனத்தில் அடங்கியது.

இவ்வணைகளிலிருந்து பிரியும் கால்கள் நேராக வயலுக்குப் பாய்வதோடு, வழியிலுள்ள குளங்களையும் நிரப்புகின்றன. ஆறு சேமித்து வைக்காது, குளம் சேமிக்கும். கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் இடையே நீர் வரத்து மாறுபடும் நாள்களில் பயிரைக் காப்பது குளமே. குளத்தின் சேமிப்பைச் செலவிடும் வாயில் மடை. மிகுநீரை வெளியேற்றும் வாயில் கலுங்கு. கலுங்கின் வழியே நீர் வழிவதைத்தான் நாம் ‘மறுகால் பாய்கிறது’ என்கிறோம். மடையும் கலுங்கும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வெள்ளத்திலிருந்து கரையைக் காப்பது கலுங்கின் வேலை. நாள்தோறும் அளந்து கொடுப்பது மடையின் வேலை.

தூம்பின் உறுப்புகள்

குமிழித் தூம்பின் உறுப்புகளைக் கீழிருந்து மேலாகக் காண்போம்.

முதலாவது, குளத்தின் ஆழமான பகுதியில், தரைமட்டத்தில் அமைந்த கல் தொட்டி. நாற்புறமும் பலகைக் கற்களால் அடைத்து, மேலே கனத்த மூடுகல் இட்டிருப்பர். மூடுகல்லின் நடுவே வட்டமான துளை ஒன்று உண்டு. இதற்கு நீரோடித் துளை என்று பெயர். தொட்டியின் பக்கத்தில், அடித்தளத்தை ஒட்டிச் சிறிய துளைகள் இருக்கும். இவை சேறோடித் துளைகள்.

இரண்டாவது, துளையை அடைக்கும் அடைப்பு. இது கல்லாலோ மரத்தாலோ செய்யப்பட்டது. கீழ்நோக்கிக் குறுகும் வடிவுடையது. துளையில் அமர்ந்தவுடன் மேலுள்ள நீரின் எடையே அதனை இறுக அழுத்திக்கொள்ளும். நீர் மிகமிக அடைப்பும் இறுகும்.

மூன்றாவது, தூண்களும் விட்டங்களும். தொட்டியின் இருபுறமும் நிற்கும் தூண்களைக் குறுக்கு விட்டங்கள் பிணைக்கின்றன. விட்டங்களின் நடுவிலும் துளை இருக்கும். அடைப்போடு பொருத்திய நீண்ட கழி இத்துளைகளின் வழியே மேலே வரும். கழி சாயாமல் நேராக ஏறி இறங்குவதற்கே இந்த ஏற்பாடு. எனவே தூண்கள் அழகுக்காக நட்டவை அல்ல. கருவியின் இன்றியமையாத உறுப்புகள். குளத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைக் கரையில் நின்றவாறே காட்டும் அளவுகோலாகவும் அவை பயன்பட்டன.

நான்காவது, சுருங்கை. தொட்டியிலிருந்து கரையின் அடியாக வெளிப்புறம் செல்லும் மூடிய வழி இது. கற்பலகைகளாலும், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டும் இதனைக் கட்டினர். சுற்றிலும் களிமண்ணை இட்டு இறுக்கினர். சுருங்கை வெளியே வந்து திறக்கும் இடத்திலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து செல்லும்.

அடைப்பைத் தூக்கியவுடன் நீர் சுழன்று துளைக்குள் இறங்கும். மேற்பரப்பில் குமிழிகள் எழும். குமிழி என்னும் பெயர்க்காரணம் இதுவே என்பர்.

குளம் நிறைந்திருக்கும் காலத்தில் மடையைத் திறப்பவர் நீந்திச் சென்று, சில வேளைகளில் மூழ்கியும் வேலை செய்ய வேண்டியிருந்தது. முத்துக்குளிப்பவருக்குக் கடலில் இருந்த இடர், மடை திறப்பவருக்கு ஊர்க்குளத்தில் இருந்தது. ஆதலின் அவருக்கு ஊரில் தனி மதிப்பும், விளைச்சலில் பங்கும் இருந்தன.

துளை சிறிதாக இருப்பது ஏன்?

பழந்தூம்பைப் பார்க்கும் இளைஞர், ‘இத்துணைச் சிறிய துளை எத்தனை வயலுக்குப் போதும்?’ என்று வினவுவது இயல்பு. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு.

3 மீட்டர் ஆழமுள்ள நீர், அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டரின்மீதும் ஏறத்தாழ 3 டன் எடையை ஏற்றுகிறது. 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துளையின் அடைப்பின்மேல் அது ஏறத்தாழ 53 கிலோ ஆகும். ஒருவரோ இருவரோ கழியைப் பற்றித் தூக்கிவிடலாம். அதே ஆழத்தில் 60 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள சதுரப் பலகையை வைத்தால், அதன்மேல் ஏறத்தாழ 1 டன் அழுத்தம் ஏற்படும். திருகும் பற்சக்கரமும் இன்றி அதனை அசைக்க இயலாது. இரும்புத் திருகு இல்லாத காலத்தில், மனிதக் கையால் இயங்கக்கூடிய அளவையே முன்னோர் தேர்ந்தனர்.

சிறு துளை தரும் நீரும் சிறிதன்று. அதே 15 சென்டிமீட்டர் துளை, 3 மீட்டர் ஆழ நீரின் விசையில் வினாடிக்கு ஏறத்தாழ 80 லிட்டர் நீரைத் தரவல்லது. ஒரு நாள் முழுவதும் திறந்திருந்தால் அது ஏறத்தாழ 7,000 கன மீட்டர் ஆகும். ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த ஏறத்தாழ 40 கன மீட்டர் தேவை. ஆகவே ஒரே துளை ஒரு நாளில் சுமார் 170 ஏக்கருக்கு அந்த அளவு நீரைக் கொடுக்கும்.

இன்னுமொரு நன்மை உண்டு. குளத்து நீர் 3 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைந்தாலும், துளையின் வழியே வரும் நீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. பாதிக்குச் சற்று அதிகமாகவே வரும். குளம் நிறைந்திருக்கும்போது வீணாக மிகுதியாகப் பாயாமலும், குறையும்போது அடியோடு நின்றுவிடாமலும் ஓரளவு சீராக நீர் கிடைத்தது. கடைமடை விவசாயிக்கும் தன் முறை எத்தனை நாழிகை என்று கணக்கிட முடிந்தது. நீர்ப்பங்கீட்டில் சச்சரவு குறைவதற்கு இச்சீர்மையும் ஒரு காரணம்.

தூம்பைக் கரையை ஒட்டி வைக்காமல் உள்ளே தள்ளி வைத்ததற்கும் காரணம் உண்டு. நீர் விசையுடன் சுழன்று இறங்கும் இடத்தில் மண் அரிக்கும். அந்த அரிப்பு கரையின் அடியில் நிகழ்ந்தால் கரை சரியும். சுழலைக் கரையிலிருந்து அகற்றி வைத்ததே கரைக்குக் காப்பாயிற்று. அடியிலுள்ள சேறோடித் துளைகளோ, நீரோட்டத்தின் இழுப்பில் அருகிலுள்ள வண்டலைக் கலக்கி வயலுக்கு அனுப்பின. குளத்துக்குச் சுமையானது வயலுக்கு உரமாயிற்று. ஆயினும் துளைக்கு அருகிலுள்ள வண்டலே இவ்வாறு வெளியேறும். குளம் முழுவதையும் தூம்பு தூர்வாரிவிடாது. ஆண்டுதோறும் கோடையில் ஊரார் கூடித் தூரெடுத்த குடிமராமத்தும் உடன் நடந்ததாலேயே குளங்கள் நிலைத்தன.

இலங்கையின் மதகுக் கிணறு

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே கேள்விகளுக்கு வேறொரு விடை கண்டனர். அங்குள்ள பெருங்குளங்களில் கரையின் உட்சரிவில் சதுரமான கிணறு ஒன்றைக் கட்டினர். சிங்களத்தில் அதற்குப் ‘பிசோகொட்டுவ’ என்று பெயர். உட்புறச் சுருங்கை வழியே வரும் நீர் அக்கிணற்றுள் புகுந்து, விசை தணிந்து, வெளிப்புறச் சுருங்கை வழியே செல்லும். நீரை அடைப்பதும் திறப்பதும் கிணற்றினுள்ளேயே நடைபெறும்.

இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்னும் பொறியாளர், 1909-ல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் தம் ஆங்கில நூலில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஐரோப்பியப் பொறியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தம் நீர்த்தேக்கங்களில் கட்டிய மதகுக் கோபுரங்களின் தத்துவம், இலங்கையில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாளப்பட்டது என்பது அவர் கண்ட முடிவு. பாண்டிய நாட்டுக் குமிழியும் இலங்கையின் மதகுக் கிணறும் வடிவில் வேறுபட்டவை. ஆயினும் நீரின் விசையைக் கரையில் மோதவிடாமல் தனி இடத்தில் அடக்குதல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. நம் ஊர்க்குளத்தின் கற்றூண்கள் இத்தகைய உலகப் பெருமையுடைய ஒரு கலையின் சான்று எனின் மிகையாகாது.

கல்லில் எழுதிய கணக்கு

பழந்தூம்புகளின் தூண்களிலும் விட்டங்களிலும் பல இடங்களில் எழுத்துகள் உள்ளன. தூம்பை அமைத்தவர் பெயர், அரசனின் ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர் முதலியன அவற்றில் இடம்பெறும். சிலவற்றில் கஜலட்சுமியின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். நீரே செல்வம் என்னும் கருத்தை அது காட்டுகிறது.

மதுரையில் வைகை ஆற்றில் கண்டெடுக்கப்பட்ட, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியன் சேந்தன் காலத்துக் கல்வெட்டு மதகு அமைத்த செய்தியைக் கூறுகிறது. சாத்தூருக்கு அருகிலுள்ள எருக்கங்குடிக் கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் ஆட்சியில், இருப்பைக்குடி கிழவன் எட்டி சாத்தன் என்பவர் பல குளங்களை அமைத்ததைத் தெரிவிக்கிறது. சோழன் முதற்பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையின் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வாரியப் பெருமக்களின் வழித்தோன்றல்களே இன்றைய பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆவர்.

ஒரு கோயிற் கல்வெட்டு அழிந்தால் ஊரில் பலர் வருந்துவர். தூம்புக் கல்வெட்டு அழிந்தால் வருந்துவார் இலர். ஏனெனில் அது அங்கே இருந்ததே பலருக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஊரின் நிலம், நீர், உழைப்பு, உரிமை ஆகியவற்றின் வரலாறு தூம்புக் கல்லில்தான் இருக்கிறது.

இன்றைய இடர்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் நம் கடற்கரைப் பகுதியில் பெய்த பெருமழையை எவரும் மறந்திலர். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பல குளங்களின் கரைகள் உடைந்தன. பயிரும் வீடும் கால்நடையும் அழிந்தன. அத்தகைய வெள்ளத்தை எந்தத் தூம்பும் தடுத்திராது. ஆனால் வெள்ளத்திற்குப் பிந்திய பழுதுபார்ப்பு வேலைகள் எங்கும் அவசரமாகவே நடைபெறும். இயந்திரம் ஒரு நாளில் ஒரு குளத்தின் உருவத்தையே மாற்றிவிடும். 2017-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் முதலாகத் தூர்வாரும் பணிகள் பல நடந்தேறியுள்ளன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், இத்தகைய வேலைகளின்போது பழைய தூண்கள் சாய்க்கப்பட்டு, துவைகல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் கிடப்பதைச் சில ஊர்களில் காணலாம்.

இது பழமைப் பற்றினால் மட்டும் சொல்லப்படுவதன்று. கரையின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. புதிய மடையைக் கட்டிவிட்டுப் பழைய சுருங்கையின் வாயை மட்டும் மண்ணிட்டு மூடுவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். குளம் நிறையும்போது நீர் அதனுள் கசிந்து, சிறிது சிறிதாக மண்ணை அரித்து, ஒரு நாள் கரையையே உடைக்கும். மண் கரையில் மிகவும் அஞ்சத்தக்க இடம் அதன் ஊடே செல்லும் குழாயைச் சுற்றிய இடமே என்பது பொறியாளர் யாவரும் அறிந்தது. பழந்தூம்பு எங்கே இருக்கிறது, சுருங்கை எவ்வழியே செல்கிறது என்ற செய்தி ஊரில் மறைந்துவிட்டால், அந்த இடரும் கண்ணுக்குத் தெரியாததாகிவிடும்.

செய்ய வேண்டுவன

40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உடைய குளங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. எவர் பொறுப்பாயினும், ஊராரின் கண்காணிப்பே முதற்காவல். பின்வருவனவற்றை ஒவ்வொரு பஞ்சாயத்தும் மேற்கொள்ளலாம்.

1. கோடையில் குளம் வற்றியிருக்கும்போது, எத்தனை பழந்தூம்புகள் உள்ளன என்று எண்ணி, அளந்து, புகைப்படம் எடுத்துப் பதிவேடு ஒன்றில் எழுதுக. சுருங்கையின் வழியை முதியோரிடமும் மடைவேலை பார்த்தவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்க.

2. தூர்வாரும் வேலை தொடங்குமுன், தூம்புக் கற்களை அகற்றலாகாது என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுக. இயந்திரம் இயக்குபவருக்கு இடத்தைக் கொடி நட்டுக் காட்டுக.

3. கல்லில் எழுத்து இருந்தால் சுரண்டுதலும், வண்ணமோ சுண்ணாம்போ பூசுதலும் கூடா. தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க. மண்ணில் காசு முதலிய பழம்பொருள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்.

4. புதிய மடை தேவையாயின் தாராளமாகக் கட்டுக. திருகு வைத்த இரும்புக் கதவு, மூழ்கித் திறக்கும் இடரை ஒழித்தது. அதனை வெறுக்க வேண்டுவதில்லை. பழைய தூண்களை அவ்விடத்திலேயே நிற்கவிடுக. பழைய சுருங்கையை முழு நீளத்திற்கும் பொறியாளரின் மேற்பார்வையில் அடைத்து இறுக்குக.

5. தூண்களை அகற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, கரையின்மீதோ பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்போ பழையபடி நிறுத்தி, விவரப் பலகை வைக்குக.

6. வண்டலை எடுக்கும்போது அதன் அடியிலுள்ள பழைய களித்தரையை வெட்டலாகாது. நீர் கீழே இறங்கிவிடும். கரையின் அடியை ஒட்டியும் தோண்டலாகாது, கரை வலுவிழக்கும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பதிவேட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், அளக்க ஒரு நாடாவும், பள்ளி மாணவர் சிலரின் துணையும் போதும்.

கொற்கையின் துறைமுகத்தை வண்டல் மூடியதை நம்மால் தடுத்திருக்க இயலாது. அது ஆற்றின் செயல். ஆனால் நம் குளத்தின் தூம்புகள் மறைவது ஆற்றின் செயலன்று. குளத்தின் வரவு செலவை ஆயிரம் ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துவந்த கற்கள் அவை. வருகிற கோடையில் குளத்தினுள் இறங்கி, அவற்றை ஒருமுறை அளந்து எழுதிவைப்பது, அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் செய்து முடிக்கத்தக்க பணியாகும்.